நனைக்காமல் உடைத்த மூன்று மூட்டை

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நாடாவை மஸ்துரா கத்தியால் கீறியதும், வாசற்படியில் நின்ற துர்சுனாய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடியே, என்னடி பண்ற? சீர் சாமான்டி அது!"

"என் சீர்தானக்கா. உங்க சீரையா கிழிக்கிறேன்?"

"பன்னெண்டு வருஷமா ஒரு கை படாம இருந்துச்சு."

"அதான், இப்ப படுது."

அந்த மலை ஊரில் கல்யாணச் சீராக வரும் எந்திரங்களை யாரும் ஓட்டுவதில்லை. மெத்தைகளை அடுக்கி, அதற்குப் பக்கத்தில் பெட்டிகளை அடுக்கி, மேலே பூப்போட்ட துணி விரித்து வைத்துவிடுவார்கள். வருகிறவர்கள் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெண் பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் அதே பெட்டி அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகும். ஐந்து கல்யாணம் கண்ட இஸ்திரிப் பெட்டி ஒன்று ஊரில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் இஸ்திரிப் பெட்டிதான் இருக்கிறதா, செங்கல் இருக்கிறதா என்று ஒருவருக்கும் தெரியாது.

மஸ்துராவின் பெட்டியில் எந்திரம்தான் இருந்தது. மாவு பிசைய, காய் சீவ, கொட்டை அரைக்க என்று எல்லாவற்றுக்கும் ஒரே கிண்ணம், ஒரே மோட்டார். அலகு இரண்டும் இன்னும் எண்ணெய்த் தாளில் சுற்றியபடியே கிடந்தன.

"கையில வாங்கிப் பாருங்க" என்று ஓர் அலகை நீட்டினாள் மஸ்துரா. "கடிக்காது."

துர்சுனாய் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஓரகத்திகள். ஒரே முற்றம், எதிரெதிராக இரண்டு வீடு. துர்சுனாயின் கணவன் நேமத் மூத்தவன். மஸ்துராவின் கணவன் இல்ஹாம் இளையவன். ருஷ்யாவில் ஏதோ ஒரு நகரத்தில் காங்கிரீட் போடுகிறான், ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. வனத்துறை குத்தகைக்குக் கொடுத்த அக்ரூட் மரங்களை அண்ணன் தம்பி இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். போன இலையுதிர் காலம்வரை தம்பியின் மரங்களையும் நேமத்தே உலுக்கினான், கொட்டையையும் அவனே விற்றான். இந்த வருடம் அவனுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. தன் மரங்களை மட்டும் எப்படியோ ஏறி முடித்தான். தம்பியின் மரங்கள் உலுக்காமலே நின்றன. மஸ்துரா தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினாள். பெண் மரம் ஏறலாமா என்று கீழே நின்று நாலு பேர் பேசினார்கள். அவள் மேலே நின்று கிளையை உலுக்கினாள். பேசியவர்கள் தலையில் கொட்டை விழுந்தது, கலைந்து போனார்கள்.

அப்படிக் கிடைத்தது மூன்று மூட்டை. பச்சைத் தோலை உரித்ததில் அவள் உள்ளங்கை இன்னமும் கரிச்சட்டி நிறத்தில் இருந்தது. மூன்று வாரம் பரணில் உலர்ந்து, இப்போது கொட்டைகள் கையில் அள்ளினால் கலகலவென்றன.

அந்த மூன்று மூட்டையும் தனக்கு வேண்டும் என்பதுதான் மஸ்துராவின் பிடிவாதம். போன மாதம் பல் பிடுங்கக் கீழே பஜாருக்குப் போயிருந்தாள். பேருந்து நிற்கும் இடத்துக் கடையில் எங்கிருந்தோ வந்த அக்ரூட் வெண்ணெய்ப் போத்தல் ஒன்றைக் கடைக்காரி திறந்து காட்டினாள். மஸ்துரா விரலால் தொட்டு நக்கினாள். கருக வறுத்த வாடை. போன வருடத்து எண்ணெய்.

"இதையா வாங்கித் திங்கிறாங்க?"

"வேற எது இருக்கு?" என்றாள் கடைக்காரி. "வறுக்காம, பச்சையா அரைச்சது இருக்கான்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. நீ கொண்டா. மொதல்ல பத்து போத்தல். நல்லாருந்தா குளிர்காலம் பூரா நான் எடுத்துக்கிறேன்."

பல் பிடுங்கிய கன்னத்தோடு மலை ஏறி வந்தவளுக்கு வழி நெடுக வலியே தெரியவில்லை.

நேமத் வேறு கணக்கில் இருந்தான். பருப்பு வாங்கும் சாபிர்ஜானிடம் அவன் வாக்குக் கொடுத்திருந்தான். பன்னிரண்டு மூட்டைக் கொட்டையின் பருப்பு ஒரே வாசலில் கிடைத்தால் சாபிர்ஜானின் வண்டி வீட்டு வாசலுக்கே ஏறி வரும். குறைந்தால் வராது, கழுதை மேல் ஏற்றிச் சாலைவரை இறக்க வேண்டும், அதுவும் வீங்கிய முழங்காலோடு. நேமத்திடம் ஒன்பது மூட்டை இருந்தது. மிச்சம் மூன்று எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

"வியாழக்கிழமை வண்டி வருது" என்றான் அவன், பெட்டி கிழிந்து கிடப்பதைப் பார்த்து. "அதுக்குள்ள ஒன் மூணு மூட்டையும் ஒடைஞ்சு பெட்டியில இருக்கணும். வெளையாட்டெல்லாம் அப்பறம்."

"இது வெளையாட்டு இல்ல மச்சான். என் மூட்டைய நான் தரல."

"தரலயா? தந்தூர்ல வச்சு அவிக்கப் போறியா?"

"அரைக்கப் போறேன். பச்சையா."

நேமத் சிரித்தான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "பச்சையா அரைச்சா கசக்கும். வயித்தக் கலக்கும். சரி, அரை. நான் பாத்துட்டுத்தான் போறேன்."

மஸ்துரா கிண்ணத்தைப் பாதி நிரப்பினாள். முந்தின நாள் உடைத்த பருப்பு. அத்தனையும் முழுப் பாதிகள், ஒரு மூலைகூட உடையாதவை. சாபிர்ஜான் அதைப் பட்டாம்பூச்சி என்பான். இரண்டு சிறகும் விரிந்தாற்போல் இருந்தால்தான் அவன் கண்ணுக்கு அது பருப்பு. உடைந்துவிட்டால் குருணை, குருணையைப் புறங்கையால் தள்ளிவிடுவான். பன்னிரண்டு வருடமாக உடைத்து உடைத்து மஸ்துராவின் கைக்குப் பட்டாம்பூச்சி தவிர வேறொன்றும் எடுக்க வராது. நல்லதைப் போட்டால் நல்லது வரும் என்று நினைத்தாள்.

பொத்தானை அழுத்தினாள். எந்திரம் கத்தியது. பருப்பு துள்ளியது, நொறுங்கியது, சுவரோடு ஒட்டியது. வழித்து உள்ளே தள்ளினாள். மறுபடி கத்தியது. சற்று நேரத்தில் பருப்பு ஓர் உருண்டையாகத் திரண்டு கிண்ணத்துக்குள் இடித்துக்கொண்டு சுற்றியது. வெண்ணெய் வருகிறது என்று காத்திருந்தாள். உருண்டை இளகவில்லை. இறுகியது. சாம்பல் நிறத்தில், ஜவ்வாக, சன்னல் கண்ணாடியைப் பதிக்க வைக்கிற பசை மாதிரி ஆனது. மோட்டார் சூடேறி ஒரு வாடை வந்தது. அவள் பொத்தானைத் தட்டி நிறுத்தினாள்.

நேமத் விரலால் ஒரு துண்டைப் பிய்த்து, சுவரில் இருந்த ஒரு வெடிப்பில் அப்பிப் பார்த்தான். ஒட்டிக்கொண்டது.

"அருமை. மழைக் காலத்துக்கு ஆகும்" என்றான். "துர்சுனாய், கூரை ஒழுகுதுன்னு சொன்னியே!"

துர்சுனாய் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். மஸ்துராவுக்குக் காது மடல் சுட்டது.

"புதன்கிழம சாயங்காலம் ஒன் மூட்டைக்குத் தண்ணி தெளிக்கணும்" என்று எழுந்தான் நேமத். "நீ தெளிக்கலன்னா நான் தெளிப்பேன்."

மறுநாள் காலையில் மஸ்துரா பரணில் ஏறி உட்கார்ந்தாள். கோபம் வந்தால் தின்பது அவள் பழக்கம். மூட்டையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்துப் பரண் கதவின் கீலில் வைத்துக் கதவை இழுத்தாள். டக்கென்று உடைந்தது. பருப்பு நாலு துண்டாய்ச் சிதறியது. ஒரு துண்டை வாயில் போட்டாள். மொறுமொறுவென்று நொறுங்கி, பிறகு பால்போல் நாக்கில் பரவியது. தொண்டையில் லேசாய் ஒரு துவர்ப்பு, உடனே போய்விட்டது.

பச்சைதான். கசக்கவுமில்லை, கலக்கவுமில்லை. பிறகு நேற்று எங்கே கெட்டது?

கீழே இறங்கி, நேற்று மிஞ்சியிருந்த பட்டாம்பூச்சி ஒன்றை எடுத்து வந்தாள். ஒடித்தாள். ஒடியவில்லை, வளைந்தது. ஒரு காகிதத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினாள். காய்ந்த துண்டின் கீழே காகிதம் கண்ணாடியாய்த் தெளிந்து எண்ணெய் வட்டம் விரிந்தது. பட்டாம்பூச்சியின் கீழே காகிதம் வெறுமனே ஈரமாகி நெளிந்தது.

தண்ணீர்.

மஸ்துரா தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள். அந்த ஊரில் யாரும் கொட்டையைக் காய உடைப்பதில்லை. முதல்நாள் மாலை பூவாளியால் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கால் மூடிவைப்பார்கள். விடிவதற்குள் ஓடு நெகிழும், உள்ளே பருப்பும் ஊறி மெத்தென்றாகும். அப்போது தட்டினால் பருப்பு சிதறாமல் இரண்டு சிறகாய் வரும். பருப்பைப் பிறகு வெயிலில் காயவைப்பது சாபிர்ஜானின் வேலை. நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த வேலை இது. தெரிந்து தெரிந்தே யாரும் அதை யோசிப்பதில்லை. மூன்று நாள் முன்பு ஒரு கூடைக் கொட்டைக்கு அவளும் கைபோன போக்கில் தண்ணீர் தெளித்திருந்தாள். எண்ணெயை வரவழைக்க வேண்டிய எந்திரத்தில் தண்ணீரைப் போட்டு அரைத்தால் மாவு பிசைந்ததுதான் வரும்.

அன்று மதியம் துர்சுனாய் வாசல் கூட்டிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தத்தைக் கேட்டாள். ஈரக் கொட்டை தொம்மென்று உடையும். இது பட்டாசு மாதிரி வெடித்தது. துடைப்பத்தோடு ஓடி வந்தாள்.

"காய ஒடைக்கிறியா? பைத்தியம் புடிச்சிருச்சா?"

"ஒரு கிண்ணம்தான். நகருங்க, ஓடு தெறிக்குது."

"குருணையாப் போகுதேடி, கண்ணால பாக்க முடியல."

"கண்ண மூடிக்கங்க."

குருணையை முறத்தில் புடைத்து, ஓட்டுத் துணுக்கை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள். எந்திரத்தில் போட்டு அழுத்தினாள். எந்திரம் முக்கியது, விளக்கு மங்கியது. ஊரில் குளிர் தொடங்கியதிலிருந்து கரண்ட் இப்படித்தான், ஆள் ஆளுக்குச் சூட்டடுப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, உங்க கரண்ட் கெட்டிலை நிறுத்துங்க!"

"டீ போடுறேன்டி!"

"அப்பறம் போடுங்க, மோட்டார் செத்துரும்!"

துர்சுனாய் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்திவிட்டு வந்தாள். எந்திரம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி எழுந்தது. குருணை மாவானது. மாவு ஈர மணலானது. மணல் சுவரோடு ஒட்ட, வழித்துத் தள்ளினாள். அரை நிமிடம் ஓட்டி ஒரு நிமிடம் நிறுத்தினாள். ஒவ்வொரு நிறுத்தலிலும் கிண்ணத்தின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடேறினால் வறுத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மணல் திரண்டு உருண்டையானது. நேற்றும் இந்த இடத்துக்குத்தான் வந்தது. மஸ்துரா பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

உருண்டை இரண்டு சுற்று இடித்தது. மூன்றாவது சுற்றில் ஒரு பக்கம் சரிந்தது. அப்படியே உட்கார்ந்து, பளபளத்து, அலகைச் சுற்றி அலையாய் மடிந்து ஓடத் தொடங்கியது.

மஸ்துரா ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஒரு சுற்று விட்டாள். ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்து ஓரகத்தியிடம் நீட்டினாள். துர்சுனாய் மென்றாள். இன்னொரு துண்டு ரொட்டியைத் தானே பிய்த்தாள்.

"என்னக்கா, வயிறு கலங்குதா?"

"வாயத் தொறக்காத, முழுங்கிட்டு இருக்கேன்."

நேமத்தும் தின்றான். நின்றுகொண்டே, முகத்தில் ஒன்றும் காட்டாமல், அரை ரொட்டி தீரும்வரை தின்றான். பிறகு மீசையைத் துடைத்துக்கொண்டான்.

"நல்லாத்தான் இருக்கு."

மஸ்துராவுக்கு மனசு ஒரு எம்பு எம்பியது.

"நல்லாருந்தா என்ன? நான் சாபிர்ஜான் கிட்ட பன்னெண்டுன்னு சொல்லியாச்சு. அடுத்த வருஷம் வேணா ஒரு மூட்டை எடுத்துக்க. இப்ப தண்ணி தெளிக்கணும்."

"தெளிச்சா ஒன்னுக்கும் ஆகாது மச்சான். சொல்றேன்ல."

"ஒனக்கு ஆகாது. வண்டிக்கு ஆகும்."

அன்று சாயங்காலம் இல்ஹாம் போன் செய்தான். அண்ணன் முந்திக்கொண்டு பேசியிருந்தது குரலிலேயே தெரிந்தது.

"மஸ்துரா, அண்ணன் சொல்றதக் கேளு. குடுத்துரு."

"நீங்க மரம் ஏறுனீங்களா?"

"அதுக்கு இல்ல..."

"தோலு உரிச்சீங்களா? இங்க வந்து என் கையப் பாருங்க."

"ஊர்ல எனக்கு ஒரு மரியாத இருக்குல்ல. அண்ணன எதுத்துக்கிட்டான்னு பேசுவாங்க."

"நீங்க எதுக்கல. நான்தான் எதுக்குறேன். கேக்குறவங்ககிட்ட அப்படியே சொல்லுங்க."

அந்தப் பக்கம் கலவை எந்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு இல்ஹாம் குரலை இறக்கினான். "எடுத்துக்கச் சொல்லி அண்ணன் கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப நீங்களே வந்து எடுத்துக் குடுங்க. வாசல் தொறந்துதான் இருக்கு."

போனை வைத்த பிறகு மஸ்துரா முற்றத்துக்கு வந்து நின்றாள். கடைக்காரி வேண்டாம் என்றால்? எந்திரம் நாளைக்கே புகைந்துவிட்டால்? சாபிர்ஜானிடம் கொடுத்தால் இன்றைக்கே தலைவலி விட்டது. எல்லாம் ஓடிற்று மனசில். பிறகு, பூவாளி பரண் ஏணிக்குக் கீழே நிரப்பி வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாள். நேமத் முதல்நாளே நிரப்பி வைத்துவிட்டான். அவள் கேட்பாளா மாட்டாளா என்பதே அவனுக்கு ஒரு கேள்வியாக இல்லை. அதைப் பார்த்ததும் அந்தக் கேள்விகள் நின்றுபோயின.

புதன்கிழமை காலையில் நேமத் கழுதையை ஓட்டிக்கொண்டு விறகுக்குப் போனான். திரும்ப மாலை ஆகும். அவன் வளைவில் மறைந்ததும் மஸ்துரா மூன்று மூட்டையையும் பரணிலிருந்து உருட்டினாள். முற்றத்தில் மண் இறுகிய இடத்தைக் கூட்டி, பெரிய தார்ப்பாயை விரித்து, முதல் மூட்டையைக் கொட்டி மேலே இன்னொரு பாயைப் போட்டாள். ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தட்டினால் பத்து நாள் ஆகும். அவள் கொட்டகைக்குள் போய், மண்சுவர் எழுப்ப மண்ணை இடித்து இறுக்கும் திமிசுக்கட்டையை எடுத்து வந்தாள். ஆண்கள் இருவர் மாற்றி மாற்றிப் பிடிக்கிற கட்டை அது.

தூக்கிப் போட்டாள்.

ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். நூறு கொட்டை ஒரே அடியில் வெடித்த சத்தம். நாய்கள் குரைத்தன. பக்கத்துச் சுவருக்கு மேலே ஹைரினிசாவின் தலை முளைத்தது.

"யாரு வீட்டுலடி காய ஒடைக்கிறது?"

"எங்க வீட்டுலதான்."

"பருப்பு பூரா நாசமாப் போகுமே!"

"அதுக்குத்தான் ஒடைக்கிறேன்!" என்று சொல்லி மஸ்துரா மறுபடி தூக்கினாள்.

துர்சுனாய் தலைத்துணி அவிழ ஓடி வந்தாள். "நிறுத்துடி! அவரு வந்தா ஒன்னையும் கொல்லுவாரு, பாத்துக்கிட்டு இருந்த என்னையும் கொல்லுவாரு!"

"அப்ப சும்மா பாத்துட்டு சாவாதீங்க. ஓடு பொறுக்கிட்டுச் சாவுங்க."

துர்சுனாய் நின்றாள். தார்ப்பாயைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள், சமையலறையில் மூடி வைத்திருந்த கிண்ணம் இருந்த பக்கம் பார்த்தாள். அவள் கணவன் ஒன்பது மூட்டையை விற்கிறபோது அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. உடைத்ததெல்லாம் அவள்தான். அதையெல்லாம் அவள் சொல்லவில்லை. "ஓட்டோட அரைச்சேன்னா என் பல்லுதான்டி போகும்" என்றாள், முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

மதியம் வரைக்கும் இடித்தாள் மஸ்துரா. தோள்பட்டை கழன்றது. கட்டையின் பிடி உரசி உள்ளங்கைக் கறுப்பு உரிந்து சிவப்பு தெரிந்தது. இரண்டாம் மூட்டையில் ஒருமுறை மட்டும் நின்றாள். ஒரு பட்டாம்பூச்சி, எப்படியோ முழுசாக, பாயின் ஓரத்தில் கிடந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் அதைத் தனியே எடுத்து வைத்தது. பிறகு அதைக் குவியலுக்குள் எறிந்துவிட்டு அதன் மேலேயே கட்டையைப் போட்டாள்.

நேமத் வந்தபோது வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. விறகை இறக்கவில்லை. பூவாளியை எடுத்துக்கொண்டு நேராக ஏணிக்குப் போனான். பரண் காலி. திரும்பினான். முற்றத்தில் மூன்று குவியல். ஓடும் பருப்பும் கலந்து, ஆளுயரம் இல்லாவிட்டாலும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அவன் மனைவி அதில் ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து ஓடு பொறுக்கிக்கொண்டிருந்தாள்; அவனைப் பார்த்ததும் கையை மட்டும் வேகப்படுத்தினாள், எழவில்லை.

நேமத் ஒரு கை அள்ளினான். விரலிடுக்கில் குருணை வழிந்தது. ஒரு பாதிகூட இல்லை.

"தெளிங்க மச்சான்" என்றாள் மஸ்துரா. கட்டையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

அவன் பூவாளியைச் சுவரில் அடித்தான். தகரம் நசுங்கித் தண்ணீர் கழுதையின் காலில் கொட்டியது. கழுதை விலகிப் போய் நின்றது.

"என் வாக்கு போச்சுடி! என் வாக்கு!"

"உங்க வாக்க உங்க ஒம்போது மூட்டைய வச்சுக் குடுத்திருக்கணும். என் மூட்டைய வச்சுக் குடுத்தீங்க."

"ஒன் மூட்டையா? யார் வீட்டு மரம்டி?"

"மரம் அரசாங்கத்தோடது. ஏறுனது நான். உங்களால ஏற முடியல, தப்பில்ல, முழங்கால் வீங்கிருச்சு. எனக்கு வீங்கல, ஏறுனேன்."

"இப்ப வண்டி வராது. பதினஞ்சு பெட்டி, நான் எப்படி எறக்குவேன்?"

"கழுதை இருக்கு. நான் இருக்கேன். பெட்டி சுமக்கச் சொல்லுங்க, சுமக்குறேன். இந்தப் பருப்பு மேல மட்டும் கைய வைக்காதீங்க."

அவன் துர்சுனாயைப் பார்த்துக் கத்தினான்: "நீ என்னடி பண்ற அங்க?"

"ஓடு பொறுக்குறேன்" என்றாள் துர்சுனாய், தலை நிமிராமல். "சாப்பாடு அடுப்புல இருக்கு. எடுத்துப் போட்டுச் சாப்புடுங்க."

வியாழக்கிழமை காலையில் பெட்டிகள் இறங்கின. கழுதை மூன்று நடை போனது. மஸ்துரா முதுகில் இரண்டு பெட்டியைக் கட்டி இரண்டு நடை போனாள். மூன்றாவது நடையில் அவள் பெட்டி எடுக்கவில்லை; கூடை எடுத்தாள். அதற்குள் துணியில் சுற்றிய பத்து போத்தல். முந்தின நாள் பிற்பகலில், பக்கத்து வீடுகளில் சூட்டடுப்பு போடுவதற்கு முன், அரைத்தது.

சாலையோரத்தில் சாபிர்ஜான் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். பெட்டிகளை ஏற்றிவிட்டு மிச்சத்தைத் தேடினான். "எங்கய்யா மூணு மூட்டை?"

நேமத் மஸ்துராவின் பக்கம் தாடையை ஆட்டினான்.

"காய ஒடச்சுட்டேன்" என்றாள் அவள்.

"எல்லாத்தையுமா? ஏம்மா, ஒனக்குப் புத்தி இருக்கா? சரி, போகட்டும். குருணையாவே கொண்டா. பாவமேன்னு எடுத்துக்கிறேன்."

"பாவம் பாக்க வேணாம்ணே. விக்கல."

"குடுத்துத் தொலையேன்" என்றான் நேமத்.

சாபிர்ஜான் கூடையின் துணியை விலக்கினான். கேட்காமலே ஒரு போத்தலைத் திறந்து, பேனா சொருகியிருந்த பையிலிருந்து சிறு கத்தியை எடுத்து, நுனியில் தொட்டு நக்கினான். கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான். மறுபடி கத்தியை விட்டான்.

"வறுக்கல?"

"இல்ல."

"இந்தா பாரும்மா. மூணு மூட்டையும் இப்படியே அரைச்சுக் குடு. பூராவும் நான் எடுத்துக்கிறேன். வண்டி ஒன் வாசலுக்கு வரும். எந்திரம் கெட்டுப்போனா அதையும் நான் பாத்துக்கிறேன்."

நேமத்தின் புருவம் ஏறியது. "கேட்டியா?" என்றான். குரலில் நேற்றைய கோபம் இல்லை, அவசரம் இருந்தது. "வாசலுக்கு வரும்ங்குறாரு!"

மஸ்துரா சாபிர்ஜானின் கையிலிருந்து போத்தலை வாங்கினாள். கத்தி போன குழியை விரலால் தடவிச் சமப்படுத்தி, விரலை நக்கிக்கொண்டு மூடியைத் திருகினாள்.

"உங்களுக்குக் குடுத்தா, அடுத்த வருஷம் எப்படி அரைக்கணும்னும் நீங்கதாண்ணே சொல்வீங்க. உப்பு போடாத, சக்கர போடு, ரெண்டு தடவ அரைன்னு. ஒடைக்கிறதுக்குச் சொன்னது போதும்."

"யாரு வாங்குவா ஒன்கிட்ட? பஜார்ல யாராவது ஒரு கடைக்காரி. அவ வேணாம்னா?" என்றான் சாபிர்ஜான்.

"வேணாம்னா பக்கத்துக் கடைக்குப் போவேன். அங்கயும் வேணாம்னா ரோட்டுல உக்காந்து ரொட்டியில தடவி விப்பேன். உங்க வண்டிக்கு வர மாட்டேன்."

"திமிரு" என்றான் சாபிர்ஜான், நேமத்தைப் பார்த்து. நேமத் கழுதையின் சேணத்தை அவிழ்த்து, இறுக்கமாகவே இருந்ததை மறுபடி இறுக்கிக் கட்டினான்.

பஜாருக்குப் போகும் சின்னப் பேருந்து வளைவில் வந்தது. மஸ்துரா கையைக் காட்டினாள். கூடையை மடியில் வைத்து உட்காருவதற்குள் ஒரு கிழவரின் காலை மிதித்துவிட்டாள், மன்னிப்புக் கேட்டாள், போத்தல்கள் கலகலத்தன. பேருந்து உறுமிக்கொண்டு நகர்ந்தபோது வெளியே நேமத் இரண்டு எட்டு கூடவே நொண்டிக்கொண்டு வந்தான்.

"ஏ மஸ்துரா! வர்றப்ப தேயில வாங்கிட்டு வா! நல்ல பச்சத் தேயிலையா!"

அவள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"காசு குடுக்காம சொல்றீங்களே மச்சான்!"

பேருந்து வளைவில் திரும்பியது. அவன் என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை.